இருப்பு எடுக்கும் குழுவில் யார் யார் இருக்க வேண்டும்?



நமது கடைகளில் அன்றாட வேலைக்கு ஆள் பிரித்து விடுவதில் நமக்குச் சிரமம் ஒன்றும் இல்லை. கல்லாவில் யார், சிட்டை போடுவது யார், குடோன் சாவி யாரிடம், வண்டியில் சரக்கு ஏற்றுவது யார் என்பதெல்லாம் ஆண்டுக்கணக்கில் பழகிப்போன ஏற்பாடு. ஆனால் எப்போதாவது வருகிற தனி வேலைகளும் இருக்கின்றன. வருடக் கடைசியில் சரக்கு இருப்பு எடுப்பது, குடோன் மாற்றுவது, கணினிக் கணக்குக்கு மாறுவது போன்றவை அந்த வகை. இவற்றுக்கென்று ஒரு குழுவை அமைத்து, வேலையை முடித்து, பிறகு கலைத்துவிட வேண்டும். இந்தக் குழுவை அமைப்பதில்தான் போதிய கவனம் செலுத்தப்படுவதில்லை. "அன்றைக்கு யார் சும்மா இருக்கிறார்களோ அவர்கள் எண்ணட்டும்" என்று விட்டுவிடுவது பல கடைகளில் வழக்கமாக இருக்கிறது.

மளிகை மொத்த வியாபாரத்தில் 40 ஆண்டுகளுக்கு மேல் இருப்பு எடுத்துப் பழகியவன் என்ற முறையில், இருப்பு எடுக்கும் குழுவை எப்படிச் சேர்ப்பது, எப்படி நடத்துவது என்பதை இங்கே விளக்க விரும்புகிறேன். இதைப் புரிந்துகொண்டால் மற்றத் தனி வேலைகளுக்கும் இதே முறையைக் கையாளலாம்.

இருப்புக் கணக்கு ஏன் முக்கியம்?

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்றார்கள் பெரியவர்கள். ஆற்றில் போடுவதற்கே அளவு வேண்டுமென்றால், குடோனில் அடுக்கி வைப்பதற்கு வேண்டாமா?

மார்ச் 31-ஆம் தேதி இருப்பு எவ்வளவு என்பதை வைத்துத்தான் அந்த வருட லாபம் தீர்மானமாகிறது. இருப்பு கூடுதலாக எழுதப்பட்டால், வராத லாபத்துக்கு வருமான வரி கட்ட நேரும். குறைவாக எழுதப்பட்டால் அதிகாரிகளுக்குப் பதில் சொல்ல நேரும். அண்ணன் தம்பிகள் கூட்டாக நடத்தும் கடையென்றால் பங்கு பிரிப்பதும் இந்த எண்ணை வைத்துத்தான். வங்கியில் ரொக்கக் கடன் கணக்கு வைத்திருப்பவர்கள் கொடுக்கும் இருப்புப் பட்டியலுக்கும் இதுவே ஆதாரம்.

ஜி.எஸ்.டி. சட்டத்தின் 35-ஆவது பிரிவு, சரக்கு இருப்புக்குச் சரியான கணக்கு வைத்திருக்க வேண்டும் என்கிறது. 17(5) என்ற பிரிவின்படி, தொலைந்துபோன, திருடுபோன, அழிந்துபோன, கழித்து எழுதப்பட்ட சரக்குக்கு, வாங்கும்போது கட்டிய வரியை வரவாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆகவே பத்து மூட்டை குறைகிறது என்று எழுதினால் சரக்கின் விலையோடு, எடுத்த வரிவரவையும் திருப்பிக் கட்ட வேண்டும்.

முன்பெல்லாம் வருடத்துக்கு ஒருமுறை எடுத்தால் போதும் என்று இருந்தோம். இப்போது அப்படி இருக்க முடிவதில்லை. 2025 செப்டம்பர் 3-ஆம் தேதி கூடிய ஜி.எஸ்.டி. மன்றம் வரி விகிதங்களை மாற்றியது. குளியல் சோப்பு, பற்பசை, ஷாம்பு, பிஸ்கட் ஆகியவற்றுக்கு 18 சதவீதமாக இருந்த வரியும், நெய், வெண்ணெய்க்கு 12 சதவீதமாக இருந்த வரியும் 5 சதவீதமாகக் குறைந்தன. செப்டம்பர் 22, திங்கட்கிழமை முதல் இது நடைமுறைக்கு வந்தது. அறிவிப்புக்கும் நடைமுறைக்கும் இடையில் இருந்தது மூன்று வாரத்துக்கும் குறைவான காலம். 21-ஆம் தேதி இரவு கடையில் எந்தச் சரக்கு எவ்வளவு இருந்தது என்று உடனே எண்ணி எழுதக்கூடிய ஆட்கள் இருந்த கடைகள் சமாளித்துக்கொண்டன. விலை வித்தியாசம் பற்றி ஏஜென்சிக்காரரிடம் பேசுவதென்றாலும் கையில் ஒரு சரியான பட்டியல் இருக்க வேண்டும் அல்லவா?

இவ்வளவும் பணக் கணக்கு. இவற்றை விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. இருப்புக் குறைந்தால் சந்தேகம் ஒரு மனிதன் மேல் விழுகிறது. பெரும்பாலும் சாவி வைத்திருப்பவன் மேல் விழுகிறது. குழுவைச் சரியாக அமைக்காவிட்டால், குறைந்தது சரக்கா அல்லது எண்ணிக்கைதான் தவறா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒழுங்காக அமைத்த குழு முதலாளியின் பணத்தையும் காப்பாற்றும், நாணயமான பணியாளின் பெயரையும் காப்பாற்றும்.

முதலில் வேலை, பிறகு ஆள்

திருக்குறளில் 51-ஆம் அதிகாரம் தெரிந்து தெளிதல், அடுத்த 52-ஆம் அதிகாரம் தெரிந்து வினையாடல். ஆளைத் தேர்ந்து தெளிவதற்கு ஓர் அதிகாரமும், தேர்ந்த ஆளை வேலையில் அமர்த்தி நடத்துவதற்குத் தனியாக ஓர் அதிகாரமும் இருப்பதை நாம் கவனிக்க வேண்டும். இரண்டும் வெவ்வேறு காரியங்கள்.

ஆளைத் தேடுவதற்கு முன் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, செய்ய வேண்டிய வேலைகளை எழுதுங்கள். இருப்பு எடுப்பதில் பின்வரும் வேலைகள் இருக்கின்றன. கலைந்து கிடக்கும் சரக்கை இனம் பிரித்து அட்டி போடுவது, எண்ணுவது, எழுதுவது, பிரிந்த மூட்டைகளை எடை போடுவது, மறுபடி எண்ணிச் சரிபார்ப்பது, பேரேட்டுடன் ஒத்துப் பார்ப்பது, அன்றைக்கும் தொலைபேசியில் வருகிற ஆர்டர்களைக் கவனிப்பது, இவை அத்தனையையும் மேற்பார்வை பார்ப்பது. ஆக எட்டு வேலைகள்.

ஒவ்வொன்றுக்கும் வேண்டிய குணம் வேறு. எண்ணுகிறவனுக்குப் பொறுமை வேண்டும். எழுதுகிறவனுக்குக் கையெழுத்துத் தெளிவாக இருக்க வேண்டும். அட்டி போடுகிறவனுக்கு உடல் பலமும் சரக்கின் இனமும் தெரிந்திருக்க வேண்டும். ஒத்துப் பார்க்கிறவருக்குக் கணக்கு தெரிய வேண்டும். விற்பனையில் கெட்டிக்காரனாக இருக்கிற பையன் எண்ணுவதிலும் கெட்டிக்காரனாக இருப்பான் என்று எண்ணிவிடக் கூடாது. வாய் சாமர்த்தியம் உள்ளவன் பத்து மூட்டை எண்ணுவதற்குள் இரண்டு கதை சொல்லிவிடுவான்.

ஓர் உதாரணம்

ஒரு கடை, இரண்டு குடோன், மொத்தம் 11 பணியாளர்கள் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப்பிள்ளை ஒருவர், குடோன்காரர்கள் இருவர், விற்பனையில் மூவர், கல்லாவில் ஒருவர், சுமை தூக்குபவர்கள் மூவர், எடுபிடி வேலைக்கு ஓர் ஆள். இருப்பு எடுப்பதை ஞாயிற்றுக்கிழமை போன்ற வியாபாரம் குறைந்த நாளில் வைத்துக்கொள்கிறோம்.

முதல் குடோனில் எண்ணும்போது ஆட்களை இப்படிப் பிரிக்கலாம்.

விற்பனையாளர் மூவரில் ஒருவர் குழுத் தலைவர். இரண்டாம் குடோன்காரரும் ஒரு விற்பனையாளரும் முதல் ஜோடி. இன்னொரு விற்பனையாளரும் எடுபிடி ஆளும் இரண்டாவது ஜோடி. முதல் குடோன்காரர் எந்த ஜோடியிலும் சேராமல், எந்தச் சரக்கு எங்கே இருக்கிறது என்று காட்டுவார். சுமை தூக்குபவர்கள் மூவரும் மூட்டைகளை நகர்த்திக் கொடுப்பார்கள். கணக்குப்பிள்ளை குடோனுக்கு வராமல் கடையில் பேரேட்டுடன் இருப்பார். கல்லாவில் உள்ளவர் முதலாளியோடு இருந்து வியாபாரத்தைக் கவனிப்பார். இரண்டாவது குடோனுக்குப் போகும்போது குடோன்காரர்கள் இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள். அவ்வளவுதான்.

இதில் நான்கு விதிகள் அடங்கியிருக்கின்றன.

ஒன்று: தன் பொறுப்பில் உள்ள சரக்கைத் தானே எண்ணி எழுதக் கூடாது. இதை அவநம்பிக்கை என்று குடோன்காரர் எடுத்துக்கொள்ளாதபடி முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். "அண்ணாச்சி, 20 வருஷம் சாவி வைத்திருக்கிறேன், என்னை நம்ப மாட்டீர்களா?" என்று கேட்பார். "உன்னை நம்பித்தானப்பா சாவி கொடுத்திருக்கிறேன். நாளைக்கு யாரும் உன்னை ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அடுத்தவனை எண்ணச் சொல்கிறேன்" என்று விளக்கினால் புரிந்துகொள்வார். அவரே அடுத்த குடோனில் எண்ணப்போகிறார் என்பதால் மனத்தாங்கலும் இருக்காது.

இரண்டு: எண்ணுகிறவர்களுக்குப் பேரேட்டில் உள்ள எண் தெரியக் கூடாது. பேரேட்டில் 86 மூட்டை என்று தெரிந்தால், 84 எண்ணியவனும் எங்கோ இரண்டு விட்டிருக்கும் என்று 86 எழுதிவிடுவான். கணக்குப்பிள்ளையைக் கடையிலேயே இருத்திவைப்பதற்கு இதுதான் காரணம்.

மூன்று: அப்பா மகன், அண்ணன் தம்பி, மாமன் மச்சான் ஆகியோரை ஒரே ஜோடியில் போடக் கூடாது. தவறு செய்வார்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. தம்பி எண்ணியதை அண்ணன் திருப்பிக் கேட்கக் கூச்சப்படுவான். ஜோடி போடுவதே ஒருவரை ஒருவர் திருத்துவதற்காகத்தான்.

நான்கு: ஒரு பழைய ஆளும் ஒரு புதிய ஆளும் சேர்ந்து இருப்பது நல்லது. பழையவருக்குச் சரக்கின் இனம் தெரியும். புதியவர் சந்தேகம் கேட்பார். இருவருமே பழையவர்கள் என்றால் "இதெல்லாம் தெரிந்ததுதானே" என்று கண்ணால் பார்த்தே எழுதிவிடுவார்கள். இருவருமே புதியவர்கள் என்றால் குண்டு வத்தலுக்கும் சம்பா வத்தலுக்கும் வித்தியாசம் தெரியாமல் நிற்பார்கள்.

ஜோடிகளை இரண்டுக்கு மேல் கூட்ட வேண்டாம். ஆள் கூடினால் வேலை சீக்கிரம் முடியும் என்பது மூட்டை இறக்குவதற்குப் பொருந்தும். எண்ணுவதற்குப் பொருந்தாது. நான்கு ஜோடி ஒரே குடோனில் நின்றால், ஒரு அட்டியை இருவர் எண்ணியிருப்பார்கள், இன்னொரு அட்டியை ஒருவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

தலைவர் யார்?

குழுவுக்கு ஒரே தலைவர்தான் இருக்க வேண்டும். தலைக்குத் தலை நாட்டாண்மை செய்தால் காரியம் கெடும்.

வயதில் மூத்தவர் என்பதற்காகவோ, முதலாளியின் மகன் என்பதற்காகவோ ஒருவரைத் தலைவராக்க வேண்டியதில்லை. அவர் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்களா, அவர் கோபப்படாமல் இரண்டாம் முறையும் எண்ணச் சொல்வாரா, எண்ணிக்கை கூடினாலும் குறைந்தாலும் அவருக்குச் சொந்த லாப நஷ்டம் எதுவும் இல்லாமல் இருக்கிறதா என்று மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். மூன்றுக்கும் சரியான பதில் கிடைக்கும் ஆளைப் போடுங்கள். படித்துவிட்டுக் கடைக்கு வந்திருக்கும் மகனையோ, அண்ணன் மகனையோ பழக்க வேண்டுமென்றால் முதல் வருடம் எழுதுகிறவனாகப் போடலாம். சரக்கின் இனம், எடை, விலை மூன்றும் ஒரே நாளில் அவனுக்குத் தெரிந்துவிடும். மூன்றாவது வருடம் தலைவராக்கினால் மற்றவர்களும் ஒப்புக்கொள்வார்கள்.

தலைவர் இன்னார் என்பதை எல்லோரையும் கூட்டி வைத்து முதலாளியே அறிவிக்க வேண்டும். மூத்தவர் ஒருவர் இருக்க இளையவரைப் போட்டால், மூத்தவரிடம் முதல் நாளே தனியாகப் பேசிவிட வேண்டும். அறிவித்த பிறகு முதலாளி குறுக்கே போகக் கூடாது. "ஏய், அதை விட்டுட்டு இந்தப் பக்கம் வா" என்று முதலாளி ஒரு ஆளைக் கூப்பிட்டுவிட்டால், அந்த நிமிஷமே தலைவரின் அதிகாரம் போய்விடுகிறது. சொல்ல வேண்டியதைத் தலைவரிடம் சொல்லி, அவர் மூலமாகச் செய்யவைக்க வேண்டும்.

முதல் நாள் மாலை ஒரு கூட்டம்

இருப்பு எடுக்கும் நாளுக்கு முதல் நாள் மாலையில் அரை மணி நேரம் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசுவது மிகவும் அவசியம். அதில் சொல்ல வேண்டியவை:

கடைசி விற்பனை பில் எண், கடைசி கொள்முதல் பில் எண் இரண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு எண்ணி முடிக்கும் வரையில் ஒரு மூட்டைகூட உள்ளே வரவும் கூடாது, வெளியே போகவும் கூடாது. தவிர்க்க முடியாமல் போனால் தலைவரின் கையெழுத்தோடு தனிச்சிட்டை போட வேண்டும்.

பில் போட்டாகிவிட்டது, வாடிக்கையாளர் இன்னும் எடுத்துப் போகவில்லை என்ற சரக்கு நம்முடையது அல்ல. அதைத் தனியே ஒதுக்கி அடையாளம் வைக்க வேண்டும். அதேபோல, பில் வந்துவிட்டது, லாரி இன்னும் வரவில்லை என்ற சரக்கைத் தனித்தாளில் எழுத வேண்டும்.

பக்கத்துக் கடைகளுக்குக் கைமாற்றாகக் கொடுத்தது, வாங்கியது இரண்டையும் எழுத வேண்டும். மொத்த வியாபாரத்தில் இது இல்லாத கடை இல்லை. பெரும்பாலும் வாய்ச்சொல்லிலேயே நடக்கிறது. யார் யாருக்கு என்ன கொடுத்தோம் என்று ஒவ்வொருவரையும் கேட்டு அன்றைக்கே பட்டியல் எடுத்துவிட வேண்டும்.

மூட்டையின் எடையைக் கட்டாயம் எழுத வேண்டும். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவு வகைகளுக்கு 5 சதவீத வரி வந்தது. அதன் பிறகு 26 கிலோ, 30 கிலோ மூட்டைகள் சந்தைக்கு வந்தன. ஆகவே ஒரே பருப்பு 50 கிலோவிலும் இருக்கும், 30 கிலோவிலும் இருக்கும். "துவரம் பருப்பு 240 மூட்டை" என்று மட்டும் எழுதினால் என்ன ஆகும்? 50 கிலோ என்றால் 12,000 கிலோ. 30 கிலோ என்றால் 7,200 கிலோ. வித்தியாசம் 4,800 கிலோ. கிலோ 100 ரூபாய் என்று வைத்தாலும் 4 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். ஒரு மூட்டைகூடத் திருடு போகாமல் தாளிலேயே இவ்வளவு பணம் காணாமல் போய்விடுகிறது.

அட்டியை எண்ணும் முறையையும் காட்டிக்கொடுக்க வேண்டும். நீளவாக்கில் 6, அகலவாக்கில் 5, உயரம் 8 என்றால் 240. ஆனால் நடுவில் உருவி எடுத்திருந்தால் உள்ளே பள்ளமாக இருக்கும். மேல் வரிசை முழுமையாக இருக்காது. ஆகவே ஒருவர் மேலே ஏறிப் பார்க்காமல் எந்த அட்டியையும் எழுதக் கூடாது.

எழுதுகிற சிட்டைகளுக்கு வரிசை எண் இருக்க வேண்டும். ஒன்றை அட்டியின் மேல் வைத்து, நகலைத் தலைவரிடம் கொடுக்க வேண்டும். எண்ணி முடித்த அட்டிக்குச் சாக்பீஸால் குறி போட வேண்டும். கடைசியில் சிட்டை எண்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் விட்டுப்போனது எது என்று தெரிந்துவிடும்.

எண்ணும் நாளில் குழுவை நடத்துவது

எண்ணுகிறவர் உரக்கச் சொல்ல, எழுதுகிறவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு எழுத வேண்டும். குடோனின் இடப்பக்கம் ஒரு ஜோடி, வலப்பக்கம் ஒரு ஜோடி. முடிந்ததும் பக்கம் மாறி, மறு எண்ணிக்கை. ஏலக்காய், மிளகு, கிராம்பு, முந்திரி போன்ற விலை உயர்ந்த சரக்குகளை முழுவதுமாக மறுபடி எண்ண வேண்டும், முத்திரை போட்ட தராசில் எடையும் போட வேண்டும். மற்றவற்றில் மூன்றில் ஒரு பங்கு போதும். எதை மறுபடி எண்ணுவது என்பதைத் தலைவர் அப்போதுதான் சொல்ல வேண்டும். இரண்டு எண்ணிக்கையும் ஒத்துவராவிட்டால் இரண்டு ஜோடியும் சேர்ந்து மூன்றாம் முறை எண்ண வேண்டும். யார் சொன்னது சரி என்ற வாக்குவாதத்துக்கு இடமே கொடுக்கக் கூடாது.

எண்ணும் வேலை கண்ணுக்கும் மனசுக்கும் களைப்புத் தருவது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை டீ, கால் மணி ஓய்வு கட்டாயம். வத்தல் குடோனில் வேலை செய்கிறவர்களுக்கு மூக்கையும் வாயையும் மூடத் துணியோ முகக்கவசமோ கொடுக்க வேண்டும். தும்மிக்கொண்டே எண்ணினால் எண்ணிக்கை எப்படிச் சரியாக வரும்? செல்போன்களைக் கடையில் வைத்துவிட்டு வரச் சொல்லலாம். தலைவரிடம் ஒன்று இருந்தால் போதும்.

மதியச் சாப்பாட்டை முதலாளி ஏற்பாடு செய்ய வேண்டும். நேரம் நீண்டால் அதற்கு உரிய கூலியைக் கொடுத்துவிட வேண்டும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்புக் கூலி. ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வந்தவர்களுக்கு வேறொரு நாள் விடுமுறை கொடுக்க வேண்டும். பல கடைகளில் மாலை 4 மணிக்கு மேல் எழுதிய சிட்டைகளில்தான் தவறுகள் மிகுதி. ஆட்கள் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருப்பார்கள். ஆகவே ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று விரட்டாமல், இரண்டாவது குடோனைப் பூட்டி முத்திரை வைத்து மறுநாளுக்கு விடுவது நல்லது.

ஒருவர் சரியாகச் செய்யவில்லை என்று தெரிந்தால், எல்லோர் முன்னிலையிலும் சத்தம் போடாமல் தலைவர் அவரை வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். "கொஞ்சம் தராசைப் பார்த்துக்கொள்" என்று சொன்னால் போதும். மானம் போனவன் அதற்குப் பிறகு ஒழுங்காக வேலை செய்ய மாட்டான். அவனுடைய ஜோடியும் மனம் சுருங்கிப்போகும்.

வித்தியாசம் வந்தால்

எவ்வளவு கவனமாக எடுத்தாலும் பேரேட்டுக்கும் எண்ணிக்கைக்கும் சிறிது வித்தியாசம் வரத்தான் செய்யும். அப்போது நாம் முதலில் தேட வேண்டியது தாளை, ஆளை அல்ல. தேடுவதற்கு ஒரு வரிசை இருக்கிறது.

மூட்டை எடை மாறி எழுதப்பட்டிருக்கிறதா? ஒரு மார்க்குச் சரக்கு இன்னொரு மார்க்கில் சேர்ந்திருக்கிறதா? ஒன்றில் குறைவும் அடுத்ததில் அதே அளவு கூடுதலும் இருந்தால் காரணம் இதுதான். கொள்முதல் பில் இரண்டு முறை ஏறியிருக்கிறதா? திரும்பி வந்த சரக்குக்கு வரவு வைத்தார்களா? கைமாற்றுப் பட்டியலில் எதுவும் விட்டுப்போனதா? இவை எல்லாம் முடிந்த பிறகு இயற்கையான எடைக்குறைவைப் பார்க்க வேண்டும். வத்தலும் புளியும் காயக் காய எடை குறையும். வெல்லம் மழைக்காலத்தில் கசிந்து போகும். வாங்கிய எடையே விற்கும்போதும் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இவ்வளவையும் பார்த்து, கணக்குப்பிள்ளையும் தலைவரும் கையெழுத்துப் போட்ட பிறகும் குறைவு இருந்தால், சம்பந்தப்பட்டவரைத் தனியாக அழைத்துக் கேட்கலாம். அப்போதும் "எப்படி வந்திருக்கும் என்று நினைக்கிறாய்?" என்றுதான் கேட்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த பக்கத்து ஊர்க் கடை ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். இருப்பு எடுத்ததில் உளுந்து 14 மூட்டை குறைந்தது. எண்ணியவர்கள் அன்றைக்குக் கையில் வேலை இல்லாமல் இருந்த இரண்டு பேர். கைமாற்றுப் பட்டியல் என்று ஒன்று எடுக்கவே இல்லை. 18 வருடமாகக் குடோன் சாவி வைத்திருந்தவரை எல்லோர் முன்னாலும் நிறுத்திக் கேட்டார்கள். அவர் பதில் எதுவும் சொல்லவில்லை. சாவியை மேஜை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். மூன்று வாரம் கழித்துப் பக்கத்துக் கடையிலிருந்து ஒரு வண்டி வந்து நின்றது. பொங்கல் வியாபாரத்தின்போது அவசரத்துக்கு வாங்கிப் போன உளுந்து 14 மூட்டையைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அன்றைக்கு எடுத்துக் கொடுத்தவர் முதலாளியின் தம்பி. அவருக்கு அது நினைவில் இல்லை. முதலாளியே அந்தப் பணியாளர் வீட்டுக்குப் போய் அழைத்தார். அவர் வரவில்லை.

உளுந்து திரும்பி வந்துவிட்டது. 18 வருடம் பழகிய ஆள் திரும்பவில்லை. அவர் இடத்துக்கு எத்தனை சம்பளம் கொடுத்தாலும் அப்படிப்பட்ட ஒருவரைத் தேடிப் பிடிப்பது இந்தக் காலத்தில் எவ்வளவு கஷ்டம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

வேலை முடிந்த பிறகு

இருப்புப் பட்டியலில் எண்ணியவர், எழுதியவர், தலைவர், கணக்குப்பிள்ளை அனைவரும் கையெழுத்திட வேண்டும். சுமை தூக்கியவர்கள் உட்பட எல்லோருக்கும் ஒரே அளவில் அன்பளிப்புக் கொடுப்பது நல்லது. தலைவருக்கு மட்டும் கூடுதலாகக் கொடுத்தால் அடுத்த வருடம் குழு சேராது. தலைவரைப் பாராட்டும் விதம் வேறு. வாடிக்கையாளர் முன்னிலையில் அவரைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொல்லுங்கள், அதுவே போதும்.

பிறகு குழுவைக் கலைத்துவிட வேண்டும். தலைவராக இருந்தவர் மறுநாள் முதல் பழையபடி விற்பனையாளர்தான். இதையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் ஒரு நாள் கொடுத்த அதிகாரம் வருடம் முழுவதும் நீடித்து, கடையில் வீண் மனக்கசப்பு உண்டாகும்.

எது சரியாக நடந்தது, எங்கே தடங்கல் வந்தது, யார் எந்த வேலைக்குப் பொருத்தமாக இருந்தார் என்பதை ஒரு நோட்டில் இரண்டு பக்கம் எழுதி வையுங்கள். அடுத்த வருடம் ஜோடிகளை மாற்றுங்கள். ஒரே ஜோடி ஆண்டுதோறும் ஒரே குடோனை எண்ணினால், போன வருடக் கணக்கே இந்த வருடமும் வரும்.

குடோன் மாற்றுவதானாலும், கணினிக்கு மாறுவதானாலும், புதுக்கடை திறப்பதானாலும் முறை இதுதான். வேலையை எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் பொருந்தும் ஆளைத் தேடுங்கள், ஒருவர் வேலையை இன்னொருவர் சரிபார்க்கும்படி ஜோடி சேருங்கள், ஒரே தலைவரைப் போட்டு அவருக்கு இடம் விடுங்கள்.

மார்ச் மாதம் முதல் வாரத்திலேயே உங்கள் கடையின் பணியாளர்கள் பெயரையும், மேலே சொன்ன எட்டு வேலைகளையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கைமாற்றுப் பட்டியலை அன்றைக்கே தொடங்கிவிடுங்கள். மாதக் கடைசியில் அலைச்சல் இருக்காது. நம்மை நம்பி வேலைக்கு வந்தவர்கள் மேல் வீண்பழியும் விழாது.

வாழ்க வணிகர் ஒற்றுமை!